அப்பர் தோம்சன் சாலைப் பந்தயம்: அது சிங்கப்பூருடையதா, மலேசியாவினுடையதா?

ஒட்டுக்கடை வாசகன் (ரெங்கம்)

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ரெங்கம் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒட்டுக்கடையில், சிங்கப்பூரில் இரவு நேர ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாக்குவாதம் எழுந்தது. தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருந்த இளைஞர்கள், சிங்கப்பூரில் கார் பந்தயம் என்பதே 2008ஆம் ஆண்டுதான் தொடங்கியது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மூலை மேசையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தாம் தோட்டத்தில் வேலை செய்த காலத்திலேயே சிங்கப்பூர்ச் சடக்கில் (சாலையில்) பந்தயம் நடந்தது என்றும், அதற்கு மலேசியப் பந்தயம் என்றுதான் பெயர் என்றும், தாம் நேரில் போய்ப் பார்த்ததாகவும் சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். யார் வென்றது என்று ஒருவன் கேட்டான். யாரும் வெல்லவில்லை என்று அவர் பதில் சொன்னதும் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

எனக்கும் அன்று விவரம் தெரியாது. ஆகவே நான் சிரிக்கவும் இல்லை, அவருக்காகப் பேசவும் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது பெரியவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்று தெரிந்தது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு, சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதற்காகக் கீழ்த்திசை ஆண்டு என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தப்பட்டது. அதன் ஓர் அங்கமாக அந்த ஆண்டு செப்டம்பரில் அப்பர் தோம்சன் சாலையை மூடி, பொதுமக்கள் அன்றாடம் பயன்படுத்தும் அதே தார்ச்சாலையில் முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தை நடத்தினார்கள். ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ் காரை ஓட்டிய இயன் பார்ன்வெல் வென்றார். அதன் பிறகு 1973 வரை ஆண்டுதோறும், பெரும்பாலும் ஈஸ்டர் வார இறுதியில், அதே சாலையில் பந்தயம் தொடர்ந்தது.

என் கேள்வி இதுதான். ஒரே சாலையில் நடந்த ஒரே பந்தயத்தை எந்தெந்த ஆண்டுகளில் மலேசியப் பந்தயம் என்று அழைத்தார்கள்? அது ஏன் நின்றுபோனது? நம் வட்டாரத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் வேறு யாரேனும் இருக்கிறார்களா?

பழைய கிராணி (லாயாங் லாயாங்)

முதல் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும். 1962 முதல் 1965 வரை நான்கு ஆண்டுகள் அது மலேசிய கிராண்ட் பிரீ. 1966 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ. இதில் கவனிக்க வேண்டிய ஒரு வேடிக்கை உண்டு. மலேசியா என்ற நாடு அமைந்தது 1963 செப்டம்பர் 16ஆம் நாள். மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அந்த எண்ணத்தைப் பொதுவில் வெளியிட்டது 1961 மே மாதம். ஆகவே நாடு பிறப்பதற்கு முந்தைய ஆண்டே பந்தயத்துக்கு நாட்டின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்து, தொட்டிலும் கட்டியது போன்ற கதை அது. தொட்டில் கட்டிய வீடு சிங்கப்பூர் என்பதும், சிங்கப்பூர் தனிநாடாகப் பிரிந்த 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் பிள்ளை அந்த வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது என்பதும் நமக்குத் தெரிந்தவை.

அந்த நான்கு மலேசியப் பந்தயங்களில் 1962ஆம் ஆண்டு ஜாகுவார் இ-டைப் காரில் யோங் நாம் கீ வென்றார். 1963இலும் 1965இலும் லோட்டஸ் 23 காரில் ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் வென்றார். நடுவிலுள்ள 1964ஐப் பற்றி வாசகன் அவர்கள் சற்றுத் தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரியவரின் பதில் எனக்கு அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

கூலாய் மாணவன்

பந்தயத்தை நடத்திய சாலையின் அமைப்பை யாராவது விளக்க முடியுமா? நான் பொறியியல் படிக்கிறேன். சிங்கப்பூரில் இன்று ஃபார்முலா ஒன் நடக்கும் மரினா பே தடத்தை ஒவ்வொரு வளைவாகச் சொல்ல முடியும். ஆனால் தோம்சன் தடத்தின் படத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் நேர்கோடாகவும் மறுபக்கம் பாம்பு நெளிந்தது போலவும் இருக்கிறது.

பட்டறை மகள் (ரெங்கம்)

வாசகன் அவர்கள் குறிப்பிட்ட பெரியவர் என் தந்தை. அவருக்கு இப்போது 83 வயது. தோட்டத்துப் பட்டறையில் லாரி, டிராக்டர், மின்னாக்கி எல்லாவற்றையும் பழுதுபார்த்தவர். துரையின் காரும் அவர் கைக்குத்தான் வரும். கடையில் நடந்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை. இந்த இழையைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பையன்கள் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தடத்தைப் பற்றி அவரிடம் கேட்டு எழுதுகிறேன். மொத்த நீளம் ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். அப்பர் தோம்சன் சாலையின் நேர்ப்பகுதியைத் தோம்சன் மைல் என்று அழைத்தார்கள். பந்தயம் தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். அந்த நேர்ப்பகுதியில் சாலை திடீரென்று மேடாகி இறங்கும் ஓர் இடம் இருந்தது. முழு வேகத்தில் வரும் கார் அங்கே தரையைவிட்டு எழும்பும். பார்ப்பவர்கள் எல்லாரும் கார் பறந்ததைப் பற்றியே பேசினார்கள் என்றும், தாம் மட்டும் அது தரையில் இறங்கும் கணத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் என் தந்தை சொல்கிறார். சக்கரம் தரையைத் தொடாதபோது எஞ்சினுக்குச் சுமை இல்லை. மிதியை அப்படியே அழுத்தி வைத்திருந்தால் எஞ்சின் தறிகெட்டுச் சுழலும். பிறகு சக்கரம் தரையைக் கவ்வும் நொடியில் அந்த அதிர்ச்சி முழுவதும் கியர்ப் பெட்டியிலும் அச்சிலும் இறங்கும். ஆகவே விவரம் தெரிந்த ஓட்டுநர் மேட்டின் உச்சியில் காலை ஒரு கணம் தளர்த்துவார். அந்த ஒரு கணம் எஞ்சின் ஓசை தாழ்வதைக் கேட்டே, யாருடைய கார் கடைசி வரைக்கும் ஓடும் என்று கணிக்கலாம் என்பது அவர் கருத்து.

நேர்ப்பகுதியின் முடிவில், செம்பவாங் வட்டச்சந்திப்பில், கொண்டை ஊசி வளைவு ஒன்று. அதற்குப் பிறகு தடம் பழைய அப்பர் தோம்சன் சாலைக்குள் நுழைகிறது. காட்டுக்குள் செல்லும் குறுகிய சாலை அது. அங்கே அடுத்தடுத்து நெளியும் வளைவுகளுக்குப் பாம்புகள் என்றே பெயர். அவற்றைத் தாண்டினால் பிசாசு வளைவு. இந்தப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வழங்கியவை. எங்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) பிசாசு வளைவைப் பேய் முடக்கு என்று சொன்னார்களாம்.

மாணவன் தம்பி மரினா பேயோடு ஒப்பிட்டுப் பார்ப்பதானால் முதலில் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். இன்றைய தெருத் தடத்தின் இரு பக்கமும் கான்கிரீட் சுவரும் கம்பிவேலியும் இருக்கின்றன. அன்று தோம்சனில் இருந்தவை விளக்குக் கம்பங்கள், பேருந்து நிறுத்தங்கள், மரங்கள், மழைநீர் ஓடும் ஆழமான கால்வாய்கள். கால்வாயின் விளிம்பில் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் தந்தையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அதை அவர் இப்போது சொல்லும்போது என் அம்மா காதைப் பொத்திக்கொள்கிறார்.

ஜொகூர் பாரு பயணி

நான் நாள்தோறும் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்பவன். ஒன்றை மட்டும் கேட்க விரும்புகிறேன். ரெங்கத்திலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போய்த் திரும்புவது அப்போது அவ்வளவு எளிதாக இருந்ததா?

பழைய கிராணி

இன்றைக்கு இருப்பதைவிட எளிது என்றே சொல்ல வேண்டும். குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் எல்லாம் ஒரே ரயில் பாதையில் உள்ளவை. ரயிலில் ஜொகூர் பாருவுக்குப் போய் அங்கிருந்து பேருந்து பிடித்தால் போதும். கடப்பிதழ் கிடையாது. மலேசியர் சிங்கப்பூருக்குள் நுழைய ஆவணம் காட்ட வேண்டிய முறை 1967இல்தான் வந்தது. பணமும் ஒரே பணம். பொது நாணயம் 1967 ஜூனில் பிரிந்த பிறகும், இரு நாட்டு வெள்ளியையும் (டாலரையும்) ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு 1973 மே மாதம் வரை நீடித்தது. தோம்சன் சாலையில் கடைசிப் பந்தயம் நடந்ததும் அதே 1973. இரண்டுக்கும் காரணத் தொடர்பு எதுவும் இல்லை. கணக்கு எழுதிப் பழகியவன் என்பதால் இப்படிப்பட்ட ஒற்றுமைகள் என் கண்ணில் படுகின்றன.

கூலாய் மாணவன்

தந்தையின் விளக்கத்துக்கு மிக்க நன்றி, அக்கா. கியர்ப் பெட்டியைப் பற்றி அவர் சொன்னது பாடநூலில் உள்ளதைவிடத் தெளிவாக இருக்கிறது.

வெற்றியாளர் பட்டியலைப் பார்த்தேன். 1966ஆம் ஆண்டு லோட்டஸ் 22 காரில் சிங்கப்பூரின் லீ ஹான் செங். 1967இல் ரோட்னி பேங்க்ஸ். 1968இல் கேரி கூப்பர். 1969, 1970, 1971 மூன்று ஆண்டுகளும் கிரேயம் லாரன்ஸ். 1972இல் மேக்ஸ் ஸ்டூவர்ட். 1973இல் வெர்ன் ஷூப்பன். கடைசி ஆறு பந்தயங்களை ஆஸ்திரேலியர்களும் ஒரு நியூசிலாந்துக்காரரும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர் ஓட்டுநர்களின் திறமை திடீரென்று குறைந்துவிட்டதா?

ஒட்டுக்கடை வாசகன்

திறமை குறையவில்லை, தம்பி. கார்கள் மாறிவிட்டன. நான் புரிந்துகொண்ட அளவில் விளக்குகிறேன், தவறு இருந்தால் பெரியவர்கள் திருத்தலாம்.

தொடக்க ஆண்டுகளில் எந்த வகைக் காரையும் ஓட்டலாம் என்பதே விதி. அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் காரின் கதவில் எண்ணை ஒட்டி ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குக் கொண்டுவருவார்கள். ஓட்டியவர்கள் வணிகர்கள், படைவீரர்கள், தோட்டத் துரைமார்கள், கார் விற்பனையாளர்கள். பந்தயம் அவர்களுக்குப் பிழைப்பு அல்ல. அப்படிப்பட்ட களத்தில் 1962ஆம் ஆண்டு ஓர் இ-டைப் வெல்ல முடிந்தது. அது சாலைக்காகச் செய்யப்பட்ட கார், பெரிய எஞ்சின், ஒரு டன்னுக்கு மேல் எடை. அடுத்த ஆண்டே லோட்டஸ் 23 வந்தது. எஞ்சின் சிறியது. ஆனால் குழாய்ச் சட்டத்தின் மேல் கண்ணாடியிழை உடல் பொருத்தப்பட்ட அந்தக் காரின் எடை ஜாகுவாரின் பாதிகூட இல்லை. நேர்ப்பகுதியில் பெரிய கார் முந்தினாலும், பாம்பு வளைவுகளில் கனமான காரை நிறுத்தி, திருப்பி, மறுபடியும் விரட்டுவதில் அது நேரத்தை இழந்தது. எடை என்பது ஒவ்வொரு வளைவிலும் கட்ட வேண்டிய வரி. அந்தத் தடத்தில் வரி வசூலிக்கும் இடங்கள் மிகுதி.

அதற்குப் பிந்தைய மாற்றம் நாட்காட்டியால் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் டாஸ்மன் தொடர் என்ற பந்தய வரிசை 1964 முதல் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடந்துவந்தது. அது முடிந்ததும் அங்குள்ள ஓட்டுநர்களிடம் முழுமையாகத் தயார் செய்யப்பட்ட ஒற்றை இருக்கைக் கார்கள் இருந்தன. ஈஸ்டர் நெருங்கும் வேளையில் அவற்றைக் கப்பலேற்றினால் சிங்கப்பூர்ப் பந்தயத்துக்குச் சரியாக வந்து சேரலாம். கிரேயம் லாரன்ஸ் 1970இல் பெராரி 246டி காரில் டாஸ்மன் தொடரின் பட்டத்தை வென்றார், அதே ஆண்டு அதே காரோடு தோம்சன் சாலைக்கு வந்து அங்கும் வென்றார். கேரி கூப்பர் தாமே வடிவமைத்துக் கட்டிய எல்ஃபின் 600 காரில் 1968இல் வென்றவர். தன் காரைத் தானே கட்டும் ஒருவரோடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டும் ஒருவர் எப்படிப் போட்டியிட முடியும்?

ஆகவே லீ ஹான் செங்கின் 1966 வெற்றியை நான் மிகவும் மதிக்கிறேன். சிங்கப்பூர் தனிநாடானதற்கு அடுத்த ஆண்டு, சிங்கப்பூர் என்ற பெயரோடு நடந்த முதல் பந்தயத்தில், சிங்கப்பூர்க்காரர் ஒருவர் வென்றார். இரண்டு ஆண்டுகள் தாமதித்திருந்தால் அது நடந்திருக்காது.

ஜொகூர் பாரு பயணி

பந்தயம் நின்றதற்கு 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியே காரணம் என்று என் அலுவலக நண்பர்கள் சொல்வார்கள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பழைய கிராணி

விவாதிக்க நிறைய இருக்கிறது. எண்ணெய் நெருக்கடி 1973 அக்டோபரில் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் அது சிங்கப்பூருக்கு மட்டும் வந்த நெருக்கடியா? மக்காவ் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே 1954ஆம் ஆண்டு முதல் நகரத் தெருக்களில் ஆண்டுதோறும் பந்தயம் நடக்கிறது. மோட்டார் வண்டிகளில் புதையல் தேடும் விளையாட்டு ஒன்றை நடத்தலாம் என்று சில நண்பர்கள் திட்டமிட்டதே, ஹாங்காங் மோட்டார் மன்றத்தாரின் யோசனையால் பந்தயமாக மாறியது. முதல் ஆண்டு தடத்தின் சில பகுதிகளில் தார்கூட இல்லை. டிரையம்ஃப் டிஆர்2 காரில் எதுவார்தோ தி கார்வால்யோ வென்றார். அந்தப் பந்தயம் 1973 நவம்பரிலும் நடந்தது, 1974 நவம்பரிலும் நடந்தது. பெட்ரோல் விலை மக்காவில் மட்டும் ஏறாமல் இருந்ததா? எண்ணெய் நெருக்கடி ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அது ஒன்றே போதுமான காரணம் என்பதை நான் ஏற்கவில்லை.

பட்டறை மகள்

உயிரிழப்புகள்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். 1972இல் சிங்கப்பூரின் லயனல் சான் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜோ ஹூபர் இறந்தார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள். லயனல் சானின் சிற்றப்பா, பெரியப்பா முறையில் உறவான சான் லை சூன், 1958ஆம் ஆண்டு மக்காவ் பந்தயத்தை வென்றவர். ஒரு குடும்பத்துக்கு ஒரு சாலை புகழ் தந்தது, இன்னொரு சாலை பிள்ளையைப் பறித்தது.

பழைய கிராணி

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. மக்களும் அப்படித்தான் பேசினார்கள். ஆயினும் மக்காவ் அங்கேயும் குறுக்கே நிற்கிறது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த அர்செனியோ லாரல் 1962, 1963 இரண்டு ஆண்டுகளும் அங்கே வென்றவர். அந்நாட்டின் முன்னாள் அதிபர் ஹோசே லாரலின் மகன். அவர் 1967இல் அதே தடத்தில் காரோடு எரிந்து இறந்தார். அத்தனை பெரிய குடும்பத்துப் பிள்ளை இறந்தும் பந்தயம் நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் பந்தயம் அங்கே தொடங்கியதும் அதே 1967ஆம் ஆண்டுதான். 6.12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் மெல்கோ வளைவின் அகலம் ஏழு மீட்டர். ஆபத்தைக் காரணம் காட்டி நிறுத்துவதென்றால் மக்காவை எத்தனையோ முறை நிறுத்தியிருக்க வேண்டும்.

எனவே என் முடிவு இது. தெருப் பந்தயத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தத் தெருவுக்குச் சொந்தக்காரர். தனித்தடம் என்றால் அதைக் கட்டியவர் நடத்திக்கொண்டே இருக்கலாம். பொதுச்சாலையை மூட வேண்டுமென்றால் ஒவ்வோர் ஆண்டும் அரசு இசைய வேண்டும், அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். மக்காவுக்கு அந்தப் பந்தயம் ஊரின் முகவரி. அன்றைய சிங்கப்பூர் தொழிற்சாலைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் கட்டுவதில் முனைந்திருந்தது. இளைஞர்கள் சாலையில் வேகமாக ஓட்டுவதைப் பந்தயம் தூண்டுகிறது என்ற கவலை அங்கே இருந்தது. போக்குவரத்து இடைஞ்சல், உயிரிழப்பு, எண்ணெய் விலை ஆகிய மூன்றும் சேர்ந்தபோது, வேண்டும் என்று வற்புறுத்த அரசுக்குள் ஆள் இல்லை. 1974இல் பந்தயம் கைவிடப்பட்டது.

ஒட்டுக்கடை வாசகன்

ஐயா சொல்வதற்கு 2008ஆம் ஆண்டே சான்று. அதே நகரம், 35 ஆண்டுகளுக்குப் பிறகு, தானே முன்வந்து நகரின் நடுச்சாலைகளை மூடியது. பாடாங் திடலை ஒட்டியும் ஆண்டர்சன் பாலத்தின் மேலும் கார்கள் ஓடின. செலவில் 60 விழுக்காட்டை அரசே ஏற்றது. ஐரோப்பியத் தொலைக்காட்சி நேயர்களுக்குப் பகலாக இருக்க வேண்டும் என்பதற்காக இங்கே இரவில் விளக்கேற்றி ஓட்டினார்கள். ஃபார்முலா ஒன் வரலாற்றில் அதுதான் முதல் இரவுப் பந்தயம். அலோன்சோ வென்ற அந்த முதல் பந்தயத்தில், அவருடைய அணித் தோழர் நெல்சன் பிக்கே இளையவர் வேண்டுமென்றே சுவரில் மோதினார் என்பது மறு ஆண்டு வெளிப்பட்டது. அந்தக் கதையை இங்கே விரிக்க வேண்டாம், தனி இழை தேவைப்படும்.

ஆனால் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். தனித்தடம் கட்டியவர் நடத்திக்கொண்டே இருக்கலாம் என்றால் மலேசியாவின் சிப்பாங் தடம் என்ன ஆயிற்று? செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் 5.543 கிலோமீட்டர் தடத்தைக் கட்டி, 1999 முதல் 2017 வரை 19 முறை ஃபார்முலா ஒன் நடத்தினோம். செலவுக்கு ஏற்ற கூட்டம் இல்லை என்று நாமே கைவிட்டோம். சாலை நமக்குச் சொந்தமாக இருந்தும் நின்றது.

பழைய கிராணி

ஏற்றுக்கொள்கிறேன். "தெருவுக்குச் சொந்தக்காரர்" என்று நான் எழுதியதைப் "பணம் கட்டுபவர்" என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆயினும் சிப்பாங் தடம் இன்றும் இருக்கிறது, அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. தோம்சனில் பந்தயம் நின்ற மறுநாள் பேருந்து ஓடியது. அந்த வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலேசிய கிராண்ட் பிரீ என்ற பெயர் 1965க்குப் பிறகு அனாதையாகிவிடவில்லை. சிலாங்கூரில் பத்து தீகா தடம் 1968இல் திறக்கப்பட்டதும் அந்தப் பெயர் அங்கே குடியேறியது. பிறகு அதுவே ஷா ஆலாம் தடம் என்றாகி, கடைசியில் இடிக்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாயிற்று. தோம்சன் சாலையில் தொடங்கிய பெயர் பத்து தீகா வழியாகச் சிப்பாங்கில் வந்து முடிந்தது என்று பார்த்தால், பரம்பரைச் சொத்து நம்முடையதுதான். மரினா பே அதே ஊரில் புதிதாகப் பிறந்த வேறொரு பிள்ளை.

கூலாய் மாணவன்

இதை நான் ஏற்கவில்லை, ஐயா. பெயர் நம்மிடம் வந்தது சரி. ஆனால் பந்தயத்தின் இயல்பு அங்கேயே இருந்துவிட்டது. பத்து தீகாவும் சிப்பாங்கும் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டவை. அங்கே தவறு செய்த ஓட்டுநர் புல்தரையிலோ சரளையிலோ போய் நிற்பார். தெருவில் தவறு செய்தால் சுவர். தோம்சனில் கால்வாய். பரம்பரையைப் பெயரைக் கொண்டு தீர்மானிப்பதா, குணத்தைக் கொண்டு தீர்மானிப்பதா?

இன்னோர் எடுத்துக்காட்டு. சென்னையில் என் அத்தை குடும்பத்தார் இருக்கிறார்கள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தனித்தடத்திலும் பந்தயங்கள் நடந்தபோது ஒருமுறைகூடப் பேசாதவர்கள், 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தபோது மட்டும் படம் எடுத்து அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், கடைசியில் அப்போது நடந்தது. தாம் நாள்தோறும் ஸ்கூட்டரில் போகும் சாலையில் பந்தயக் கார் போகிறது என்பதே அவர்களுக்கு வியப்பு. சிப்பாங் அந்த வியப்பை யாருக்கும் தந்ததில்லை.

ஜொகூர் பாரு பயணி

தம்பி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. மரினா பே பந்தய வாரம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் சாலை மூடப்பட்டதைக் குறைசொல்வார்கள், மீதிப்பேர் மாடிச் சன்னலில் நிற்பார்கள். பல ஆண்டுகளில் இந்த இரண்டும் ஒரே ஆட்கள்.

ஒட்டுக்கடை வாசகன்

பழைய கிராணி ஐயா தேடச் சொன்ன 1964ஐத் தேடினேன். அந்த ஆண்டின் மலேசிய கிராண்ட் பிரீ தொடங்கிச் சில சுற்றுகளிலேயே கொட்டிய பெருமழையால் கைவிடப்பட்டிருக்கிறது. வெற்றியாளர் பட்டியலில் அந்த ஆண்டுக்கு நேரே பெயர் இல்லை.

சகோதரி, தந்தை எந்த ஆண்டு போனார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

பட்டறை மகள்

எங்கள் வீட்டில் எல்லாரும் அவர் 1966இல் போனதாகத்தான் நினைத்திருந்தோம். யார் வென்றது என்று நாங்கள் சிறுவயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். யாரும் வெல்லவில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொல்வார். மறந்துவிட்டதை மறைக்கிறார் என்று என் அண்ணன் கேலி செய்வார்.

நேற்று இரவு உணவுக்குப் பிறகு நேராகக் கேட்டேன், மழை பெய்ததா என்று. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இதை ஏன் இத்தனை நாள் கழித்துக் கேட்கிறாய் என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். முதல்நாள் சனிக்கிழமை தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) சொல்லிவிட்டு, மூன்று பேர் விடியற்காலை ரயிலில் புறப்பட்டிருக்கிறார்கள். சிறிய பந்தயங்களை எல்லாம் பார்த்தார்கள். பெரிய பந்தயம் தொடங்கியதும் வானம் இருண்டது. மேட்டுக்கு அப்பால் கார்களின் ஓசை கேட்கிறது, ஆனால் தண்ணீர்த் திரையில் கார் தெரியவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த கால்வாயில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறியது. அதுவரை விளிம்பில் காலைத் தொங்கவிட்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து மேட்டுக்கு ஓடினார்கள். பிறகு ஓசை ஒவ்வொன்றாகக் குறைந்து அடங்கியது. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, நனைந்த சட்டையோடு பேருந்து ஏறி, ரயில் ஏறி, நள்ளிரவில் ரெங்கத்தில் இறங்கி, தோட்டம்வரை நடந்து, மறுநாள் காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போய் நின்றிருக்கிறார்கள்.

இந்த இழையை அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். மேட்டில் காலைத் தளர்த்துவது ஒரு கணம் அல்ல, அரைக் கணம் என்று எழுதச் சொன்னார். பேய் முடக்கை மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிறார். அவரால் நெடுந்தூரம் நடக்க முடியாது. அந்தச் சாலை இப்போதும் இருக்கிறதா?

ஜொகூர் பாரு பயணி

இருக்கிறது, அக்கா. பழைய அப்பர் தோம்சன் சாலை இன்றும் வாகனங்கள் செல்லும் சாலைதான். அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். அருகே தோம்சன் இயற்கைப் பூங்காவை 2019இல் திறந்தார்கள். ஸ்பிரிங்லீஃப் ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் ஐயாவுக்கு வாடகைக் காரே நல்லது. குரங்குகள் மிகுதி என்பதால் வண்டிகள் மெதுவாகத்தான் போகும். ஆகவே வளைவுகளை அவர் உட்கார்ந்தபடியே எண்ணிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலையும் பள்ளி விடுமுறைத் தொடக்கமும் வேண்டாம், கடற்பாலத்தில் மூன்று மணி நேரம் போய்விடும். ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்கு ஜொகூர் பாரு வந்துவிட்டால் நானே உடன் வருகிறேன். எல்லாருடைய கடப்பிதழும் ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுக்கடை வாசகன்

வண்டியில் இடம் இருந்தால் நானும் வருகிறேன். கடையில் சிரித்த பையன்களில் இருவர் இந்த இழையைப் படித்திருக்கிறார்கள். ஐயாவின் மேசைக்கு இந்த வாரம் தேநீர்க் காசு அவர்கள் கணக்கில் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.